999-உடன் ஒன்றைக் கூட்டுவது

வணக்கம் சார்,

முப்பது வருடம் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரண்ட் இல்லாமல் கணக்குப் போடும் இயந்திரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ப்ளைவுட்டில் நானும் ஒன்று செய்தேன். நான்கு சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை. ஒரு சக்கரம் 9 தாண்டி 0-க்கு வரும்போது, அதிலுள்ள ஒற்றைப் பல் அடுத்த சக்கரத்தை ஒரு இடம் தள்ளும். 9-உடன் 1 கூட்டினால் சரியாக 10 வருகிறது. 99 என்றால் கொஞ்சம் இறுக்கம். 999-உடன் 1 கூட்டினால் சக்கரங்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. பலமாகத் தள்ளியதில் ஒரு பல் உடைந்தேவிட்டது. எண்ணெய் விட்டும் பார்த்துவிட்டேன். த்ரீ-டி பிரிண்டர் வாங்கிச் செய்தால் சரியாகுமா? என் மருமகன் மென்பொருள் துறையில் இருக்கிறார். "இது விளையாட்டுச் சாமான் மாமா, கம்ப்யூட்டர் இல்லை" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

மு.செ.

அன்புள்ள மு.செ. ஐயா,

முதலில் ஒன்று: உங்கள் கைவேலையில் குறையில்லை. பிரிண்டர் வேண்டாம். அதில் செய்தாலும் இதே இடத்தில்தான் நிற்கும்.

பள்ளிக்கூடத்தில் 'இரண்டு போட்டு, மிச்சம் ஒன்று' என்று சொல்லிக்கொண்டே கூட்டுவோமே, இயந்திரக் கணக்கின் மொத்தச் சிக்கலும் அந்த மிச்சம் ஒன்றில்தான் இருக்கிறது. 999-இல் ஒன்றைக் கூட்டும்போது உங்கள் ஒரு விரல் நான்கு சக்கரங்களையும் ஒரே நேரத்தில் தள்ளுகிறது. நான்கின் உராய்வும் அந்த விரலில்தான் வந்து சேர்கிறது. அது போதாதென்று, ஒவ்வொரு பல்லுக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்குமே, அதுவும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே போகும். முதல் சக்கரம் முழுதாக ஒரு இடம் நகர்ந்திருக்கும், கடைசிச் சக்கரம் அரை இடத்தில் நிற்கும். எண்ணெய் உராய்வைக் குறைக்கும், இடைவெளியை என்ன செய்யும்?

பிரான்சில் பிளேஸ் பாஸ்கல் 1642-இல் இதே இடத்தில்தான் வந்து நின்றார். அப்போது அவருக்கு 19 வயது. அப்பா வரி அதிகாரி. ராத்திரியெல்லாம் அவர் கூட்டல் போடுவதைப் பார்த்துவிட்டு, அவருக்காகச் செய்ய ஆரம்பித்த இயந்திரம் அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் செய்து பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவர் கண்டுபிடித்த வழியை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் எடை கட்டிய ஒரு கை. சக்கரம் 9-ஐ நோக்கிச் சுற்றச் சுற்ற, அதிலுள்ள ஆணி அந்தக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கும். 9 தாண்டியதும் ஆணி நழுவும், கை தன் கனத்தால் கீழே விழும், விழுகிற வேகத்தில் அடுத்த சக்கரத்தை ஒரு இடம் உதைக்கும். அதாவது, நீங்கள் 9 வரை சுற்றும்போதே மிச்சத்துக்கான உழைப்பைக் கொடுத்து வைத்துவிடுகிறீர்கள். 999 நிற்கும்போது மூன்று கைகளும் ஏற்கெனவே தூக்கிய நிலையில் காத்திருக்கும். கடைசி ஒன்றைக் கூட்டும் விரலுக்கு ஒரு சக்கரத்தின் பாரம்தான்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்ற முடியாது. அதனால் கழித்தலை பாஸ்கல் வேறு வழியில் போட்டார்: ஒவ்வொரு இலக்கத்தையும் 9-லிருந்து கழித்து வரும் எண்ணை வைத்துக்கொண்டு, கூட்டியே கழிப்பது. அந்த இயந்திரங்களில் சில பாரிஸில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நான் வீட்டில் செய்தது கோலிக்குண்டுகளால் கூட்டும் இயந்திரம். சாய்த்து வைத்த பலகை, அதில் ஆறு சீசாக்கள். பாட்டில் இல்லை, பூங்காவில் பிள்ளைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி, நடுவில் அச்சு வைத்து இரண்டு பக்கமும் சாயும் சின்னத் துண்டுகள். மேலிருந்து அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8, 16, 32. முதல் குண்டு சீசாவை ஒரு பக்கம் சாய்த்துவிட்டுத் தட்டில் விழும், இரண்டாவது குண்டு அதைத் திருப்பிச் சாய்த்துவிட்டு அடுத்த சீசாவுக்கு உருண்டு போகும். இரண்டு விழுந்தால் மிச்சம் ஒன்று, அந்தக் குண்டேதான் மிச்சம். ஒவ்வொரு படியிலும் கீழே விழுந்து புதிதாக வேகம் எடுப்பதால் இதிலும் பாரம் சேராது.

ஆனால் 31-உடன் 1 கூட்டினால் எனக்கு 36 வந்தது. இரண்டு வாரம் புரியவில்லை. ஒருநாள் மொபைலில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது சீசா சரியாகத்தான் சாய்கிறது, குண்டு போன பிறகு முட்டிக்கொண்டு மறுபடி எழுந்து பழைய நிலைக்கே போய்விடுகிறது. நான்கின் இடம் அது. அந்த நான்குதான் கூடுதலாக வந்திருக்கிறது! சீசாவின் தலையில், அச்சுக்கு மேலே, ஒரு சின்ன நட்டை ஒட்டினேன். நடுவைத் தாண்டியதும் அதன் கனமே அந்தப் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முட்டுகிற இடத்தில் சைக்கிள் ட்யூப் துண்டு. கடைக் கோலிக்குண்டுகள் ஒன்றுக்கொன்று அளவு ஒக்காததால், பிறகு பால்ரஸ் குண்டுகளுக்கு மாறினேன். அப்புறம் அது தப்பு செய்யவில்லை.

மருமகன் சொல்வதில் பாதி சரி. உங்களுடையது கூட்டும் இயந்திரம். கம்ப்யூட்டர் என்றால், சொல்லி வைத்த கட்டளைகளை வரிசையாகத் தானே செய்ய வேண்டும். ஆனால் அதையும் ஒருவர் வீட்டில் வைத்தே செய்திருக்கிறார். கொன்ராட் சூசெ என்ற கட்டடப் பொறியாளர், 1936 முதல் 1938 வரை, பெர்லினில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில். நண்பர்கள் கூடி உட்கார்ந்து தகடுகளை ஆயிரக்கணக்கில் கையால் அறுத்துக் கொடுத்தார்கள். ஓட்டியது ஒரு வேக்யூம் க்ளீனர் மோட்டார், கட்டளைகள் துளையிட்ட சினிமா ஃபிலிமில். தகடுகள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். போரில் குண்டு விழுந்து அது அழிந்தது. எழுபது வயதுக்கு மேல் அவரே அதை மறுபடி செய்தார். 1989-இல் முடித்த அந்த இயந்திரம் பெர்லின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விளையாட்டுச் சாமான் என்றாலும் வருத்தப்பட வேண்டாம். மான்செஸ்டரில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் அவர் மாணவர் ஆர்தர் போர்ட்டரும் 1934-இல் மெக்கானோவைக் கொண்டே வகைக்கெழுச் சமன்பாடுகளை, அதாவது ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரம் கட்டினார்கள். துளையிட்ட பட்டைகளும் நட்டு போல்ட்டுமாகப் பிள்ளைகள் விளையாடுவதற்கு விற்ற அதே சாமான். செலவு சுமார் 20 பவுண்டு, பிழை இரண்டு சதவீதம் அளவு. அணுவின் அமைப்பைப் பற்றிய கணக்குகளுக்கே அது உதவியது.

சரி, உங்கள் சக்கரத்துக்கு வருவோம். ஒற்றைப் பல்லை எடுத்துவிட்டு, பின்புறம் ஒரு ஆணி அடியுங்கள். கையைப் பித்தளைப் பட்டையில் செய்யுங்கள், நுனியில் கொக்கி, எடைக்கு இரண்டு வாஷர். ஒவ்வொரு சக்கரமும் பின்னால் போகாமல் ஒரு தடுப்புக் கொக்கியும் வேண்டும். முதலில் இரண்டு சக்கரத்துக்கு மட்டும் செய்து நூறு தடவை சுற்றிப் பாருங்கள். அது தப்பாமல் வேலை செய்தால் மற்றதையும் மாற்றலாம். 999-இல் ஒன்றைக் கூட்டும்போது டக், டக், டக் என்று மூன்று கைகள் அடுத்தடுத்து விழும். அந்தச் சத்தத்தை மொபைலில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். உடைந்த பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் படமும் வேண்டும்.