பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? எடை குறைக்க ஓடுகிறவர்களுக்குக் கேள்வி பதில்

சாரல் பிடித்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்குக் குற்றாலம் ஞாபகம் வருகிற அதே நேரத்தில், செங்கோட்டை, புளியரை, தென்காசிக்காரர்களுக்குத் தொப்பை ஞாபகம் வருகிறது. வெயில் இல்லை, காற்று குளிர்ச்சி, ஓட ஆரம்பிக்கலாமே என்று ஒரு எண்ணம். முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வயது 34, எடை 92 கிலோ, மரக்கடையில் வேலை. போன வாரம் ஓட ஆரம்பித்தேன் சார். மூன்றாவது நிமிஷம் நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு ஓட்டம் ஒத்துவராதோ? (செங்கோட்டை)

ஒத்துவரும் தம்பி. நீங்கள் ஓடவில்லை, கிளம்பிப் போகிற பஸ்ஸைத் துரத்தியிருக்கிறீர்கள். எடை குறைக்க வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்கிற தப்பு இதுதான். ஓட்டம் என்றதும் பள்ளிக்கூட நூறு மீட்டர் பந்தயம்தான் கால்களுக்கு ஞாபகம் வருகிறது.

சரியான வேகத்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன். பக்கத்தில் ஓடுகிறவரிடம், நேற்று வந்த தேக்கு லோடு என்ன விலைக்குப் போனது என்று மூச்சு முட்டாமல் முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பால்காரர் சைக்கிளில் தாண்டிப் போகும்போது, “என்ன அண்ணாச்சி, நடக்கீயளா ஓடுதீயளா?” என்று கேட்டாரென்றால் உங்கள் வேகம் கச்சிதம். வெட்கப்படாதீர்கள்.

முதலில் 5 நிமிஷம் நடை. அப்புறம் 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை. இதை 8 தடவை. கடைசியில் மறுபடி 5 நிமிஷம் நடை. வாரத்துக்கு 3 நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. இரண்டு வாரம் இப்படிப் போன பிறகு ஓட்டத்தை 2 நிமிஷமாக்குங்கள், பிறகு 3, பிறகு 5. ஒன்பது பத்து வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடிவிடலாம். பன்னிரண்டு வாரம் ஆனாலும் குற்றமில்லை.

இன்னொன்று. மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். அதனால் ஐந்தாவது வாரம் “அடடா, சுலபமாக இருக்கிறதே” என்று தோன்றும். கால் பிசகுவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான்.

கேள்வி: அண்ணாச்சி, எடை 88 கிலோ. ஒன்றரை மாசமாக வாரம் 4 நாள், நாளுக்கு 4 கிலோமீட்டர் விடாமல் ஓடுகிறேன். குறைந்தது வெறும் 400 கிராம். தைராய்டு டெஸ்ட் எடுக்கலாமா? (தென்காசி)

எடுத்துப் பாருங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

ஒரு கிலோமீட்டர் ஓடினால், உங்கள் எடை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை கலோரி செலவாகும். 88 கிலோவுக்கு 4 கிலோமீட்டர் என்றால் சுமார் 350. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஆக, ஒரு கிலோ கரைய 22 ஓட்டம் வேண்டும். ஆறு வாரத்தில் நீங்கள் ஓடியது 24 தடவை. சாப்பாடு துளிகூடக் கூடாமல் இருந்தாலே ஒரு கிலோ சொச்சம்தான் குறைந்திருக்கும். மீதி எங்கே போனது?

இவரிடம் திருப்பிக் கேட்டேன். ஓடி முடித்ததும் டீக்கடையில் இரண்டு பழம்பொரி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. சனிக்கிழமை ராத்திரி பார்டர் பரோட்டாக் கடையில் நாலு பரோட்டா, கோழி. ஓடுகிறோமே என்ற தைரியத்தில்தான் இந்தப் பழம்பொரியே வந்தது என்றும் அவரே சொன்னார். பரோட்டா ஒன்றுக்கு அளவைப் பொறுத்து 200 முதல் 300 கலோரி. சால்னாவின் எண்ணெய் தனி. நாலு பரோட்டாவை ஓடியே தீர்க்க வேண்டுமென்றால் செங்கோட்டையிலிருந்து கேரள எல்லை தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் செங்கோட்டை. அதனால் எங்கள் நாக்குக்கு இரண்டு பக்கமும் சொந்தம். புட்டும் கடலையும் நல்ல காலை உணவு, விடாதீர்கள். ஆனால் மட்டை அரிசி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. சிவப்பாக இருந்தாலும் சோறு சோறுதான். ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பயறோ முட்டையோ மீன் குழம்பின் மீனோ வையுங்கள். பரோட்டாவை நிறுத்தச் சொல்லவில்லை, நாலை இரண்டாக்குங்கள்.

புதிதாக ஓடுகிற கால் தசை நீரைப் பிடித்து வைக்கும் என்பதால் முதல் சில வாரம் தராசு முழு உண்மையைச் சொல்லாது. இடுப்புக்கு ஒரு நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஆரியங்காவு பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போகிறேன். விடிகாலையிலிருந்து மரம் மரமாக நடைதான். அப்படியும் தொப்பை. நானும் ஓட வேண்டுமா?

உங்கள் நடைக்கு உடம்பு பழகிவிட்டது, சாப்பாடும் அதற்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. வாரம் 3 நாள் மேலே சொன்ன மாதிரி ஆரம்பியுங்கள், ஆனால் மலைச் சாலையில் வேண்டாம். ஏற்றத்தை விட இறக்கம் மோசம். தொடையையும் முட்டியையும் ஒரு வழி பண்ணிவிடும். சமதளம் எங்கே இருக்கிறதோ அங்கே ஓட்டம், மேட்டில் நடை. மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் ஓடினால் அட்டை கடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: வயது 41. விடிவதற்கு முன்னால்தான் எனக்கு நேரம். நாய்த் தொல்லை ஒரு பக்கம், வேடிக்கை பார்க்கிறவர்கள் ஒரு பக்கம். எங்கே ஓடுவது அண்ணே? (புளியரை)

கொல்லம் நெடுஞ்சாலையில் மட்டும் வேண்டாம் தங்கச்சி. இருட்டில் எல்லை தாண்டுகிற லாரிகள் உங்களைப் பார்க்காது. பள்ளி மைதானமோ, வயலுக்கு நடுவில் போகிற சின்னத் தார் ரோடோ பாருங்கள். வண்டி வருகிற ரோடு என்றால் வலது ஓரமாக, எதிரே வருவது தெரிகிற மாதிரி ஓட வேண்டும். வெளிர் நிறச் சட்டை, கையில் டார்ச். இன்னொரு பெண்ணையும் கூட்டிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நாய் குரைத்தால் ஓட்டத்தை உடனே நிறுத்திவிடுங்கள். ஓடுகிற காலைத்தான் அது துரத்தும். முறைத்துப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல் மெதுவாக விலகுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி. மஞ்சள் அப்புகிற வேலை வேண்டாம்.

சுடிதார் போதும், துப்பட்டாவை இறுக்கிக் கட்டுங்கள். ஓட்டத்துக்கான உள்ளாடைக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள், அது ஷூவுக்குச் சமம். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு மூன்றாவது வாரம் சலித்துவிடும்.

கேள்வி: வயது 52, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஓடலாமா?

டாக்டரைக் கேட்காமல் ஓடாதீர்கள். சில மாத்திரைகளும் இன்சுலினும், ஓட்டமும் சேர்ந்தால் சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடும். கை நடுங்கி, திடீரென்று வியர்த்து, பசி எடுத்தால் உட்கார்ந்துவிடுங்கள். பையில் குளுக்கோஸோ கற்கண்டோ எப்போதும் இருக்கட்டும். முதல் மாசம் நடை மட்டும் போதும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், கொப்புளம் வந்தது உங்களுக்குத் தெரியாமலே போகலாம். நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி என்றால், “வாயு” என்று சொல்லிக்கொண்டு சோடா குடிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை இல்லாத நாற்பது தாண்டியவர்களுக்கும் இது பொருந்தும்.

சில்லறைக் கேள்விகள்

முட்டி தேயுமா? மெதுவாக ஏற்றிக்கொண்டு போனால் தேயாது. முன்னங்கால் எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஷூ? விலை முக்கியமில்லை, விரலுக்கு முன்னால் அரைப் பெருவிரல் அளவு இடம் வேண்டும். 500 முதல் 800 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். சாரலில் நனைந்தால் உள் அட்டையை எடுத்துவிட்டு, பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து வையுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

காற்று தள்ளுகிறதே? இந்த மாசங்களில் கணவாய் வழியாக மேற்கிலிருந்துதான் அடிக்கும். போகும்போது மலையைப் பார்த்து ஓடுங்கள், களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விடும்.

வயிற்றில் பெல்ட் கட்டி ஓடலாமா? வியர்வை கொட்டும், ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் எடை திரும்பும்.

மூன்று மாசத்தில் அரை மாரத்தான்? அது 21.1 கிலோமீட்டர், தம்பி. 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.