அப்பா வில்லனாகவே வந்து நிற்கிறார் என்றால்

உங்கள் தன்வரலாற்றில் குடித்துவிட்டு அடித்த அப்பாவைப் பற்றி எழுதினால் சினிமா வில்லன் போல ஆகிவிடுகிறார், அதைப் படித்த தங்கையே "அவர் இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டாள் என்கிறீர்கள்.

அடியைக் குறைத்து எழுத வேண்டாம். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே: ஜூன் மாதம் உங்கள் நோட்டுகளுக்கெல்லாம் அவர்தான் அட்டை போடுவார், மூலை மடிப்பு பிசகினால் பிரித்து மறுபடி போடுவார் என்று. அந்தக் கைதானே அடித்ததும்? இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து வையுங்கள். நடுவில் சமாதானம் எதுவும் சொல்லாதீர்கள்.

1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய தம் தன்வரலாறான 'என் சரித்திர'த்தில் தமிழறிஞர் உ.வே.சா. இதைச் செய்திருக்கிறார். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மேல் அவருக்கு அத்தனை பக்தி. ஆனாலும் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தாம் சங்கீதம் கற்றது பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. எனக்குப் பிள்ளை மனிதராகத் தெரிந்ததே அங்கேதான்.

அப்புறம், அப்பா மனதில் என்ன ஓடியது என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதலாம். தங்கையின் நினைவு வேறாக இருந்தால் அதையும் அப்படியே உள்ளே விடுங்கள்.