எச்-4 பையனும் என்பிஏ டிராஃப்டும்

கேள்வி: நாங்கள் நார்த் கரோலினாவில் கேரியில் இருக்கிறோம். நான் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். இபி-2 என்ற வேலைவாய்ப்புப் பிரிவில் என் நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகி, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். சென்னையில் பிறந்த என் மகன் சிறு வயதிலேயே எங்களோடு எச்-4 என்ற குடும்பச் சார்பு விசாவில் வந்தவன். 6 அடி 9 அங்குல உயரம். இதே மாநிலத்தில் டிவிஷன் ஒன் என்ற முதல்நிலைப் பிரிவில் ஆடும் ஒரு சிறிய கல்லூரியில் கூடைப்பந்து ஸ்காலர்ஷிப்பில் இரண்டாம் ஆண்டு முடிக்கிறான். வரும் நவம்பரில் 21 வயது ஆகிறது. இந்த சீசனில் நன்றாக ஆடியதும் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்பிஏ டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார். கையெழுத்துப் போட்டால் 50,000 டாலர் முன்பணமாம். கோச் இன்னொரு வருடம் இருக்கச் சொல்கிறார். பெரிய கல்லூரி ஒன்றும் நல்ல தொகை சொல்லிக் கூப்பிடுகிறது. பெயர் கொடுத்தால் கல்லூரி போய்விடுமா? எப்போது விடுவது சரி?

பதில்: பெயர் கொடுத்தாலே கல்லூரியை விட்டதாகிவிடும் என்ற பயத்தில்தான் வீட்டில் இவ்வளவு பதற்றம் என்று தெரிகிறது. அப்படி இல்லை. டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்து, என்பிஏ அணிகளின் முன்னால் ஆடிக் காட்டி, நிலவரம் சரியில்லை என்றால் பெயரை வாபஸ் வாங்கிக்கொண்டு பழையபடி கல்லூரியில் ஆட விதி இடம் தருகிறது. கெடு தேதியைத் தவறவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் பலர் விழுவது அந்தக் கெடுவில்தான். பெயர் கொடுக்கும் கடிதம் டிராஃப்டுக்குக் குறைந்தது 60 நாள் முன்பு என்பிஏவுக்குப் போய்ச் சேர வேண்டும். டிராஃப்ட் ஜூன் கடைசியில் என்பதால் இது ஏப்ரல் கடைசியில் வரும். வாபஸ் வாங்க இரண்டு கெடு இருக்கிறது. என்பிஏ தரும் கெடு டிராஃப்டுக்கு 10 நாள் முன்பு வரை. கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ தரும் கெடு, அணிகள் ஆட்டக்காரர்களைச் சோதித்துப் பார்க்க மே மாதம் சிகாகோவில் நடக்கும் கம்பைன் முகாம் முடிந்து 10 நாள் வரை. 2025இல் முதலாவது ஜூன் 15ஆம் தேதியும் இரண்டாவது மே 28ஆம் தேதியும் வந்தன. நடுவில் இரண்டரை வாரம். ஜூன் முதல் வாரத்தில் மனம் மாறி வாபஸ் வாங்கினால் என்பிஏ ஏற்றுக்கொள்ளும், என்சிஏஏ ஏற்றுக்கொள்ளாது. அதனால் உங்கள் காலண்டரில் வட்டம் போட வேண்டியது என்சிஏஏ தேதியை.

இந்திய பாஸ்போர்ட் இருப்பதால் 'சர்வதேச ஆட்டக்காரர்' என்ற தனிப் பிரிவில் வரலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அது அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி முடிக்காத, இங்கே கல்லூரியிலும் சேராத வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கானது.

அடுத்து, விட்டுப் போனால் என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். டிராஃப்டின் முதல் சுற்றில் 30 பேர். அவர்களுக்குச் சம்பள அட்டவணை உண்டு, முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி. மூன்றாவது, நான்காவது வருடங்கள் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உறுதியும் இல்லை, பேசி வாங்குவதுதான். அங்கே பலருக்குக் கிடைப்பது டூ-வே ஒப்பந்தம்: சில நாள் என்பிஏ அணியில், சில நாள் கீழ்நிலை லீகான ஜி லீகில் உள்ள அதன் அணியில். 2025-26 சீசனில் இதன் முழுச் சம்பளம் 6,36,435 டாலர், அதாவது புதிய ஆட்டக்காரரின் குறைந்தபட்சச் சம்பளத்தில் சரிபாதி. நடுவில் கழற்றிவிட்டால் மீதி கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதற்கும் கீழே வெறும் ஜி லீக் சம்பளம். சீசனுக்கு நாற்பதாயிரம் டாலரைச் சுற்றித்தான் வரும். கேரியில் அந்தப் பணத்துக்கு வீட்டு வாடகைகூடச் சிரமம்.

நம் ஊர்க்காரர்களில் இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. பஞ்சாபின் சத்னாம் சிங் கல்லூரிப் பக்கமே போகாமல் 2015 டிராஃப்டில் 52ஆவது ஆளாக டல்லஸ் அணிக்குத் தேர்வானார். நாடே கொண்டாடியது. என்பிஏவில் ஒரு சீசன் ஆட்டம்கூட ஆடவில்லை. பஞ்சாபி வம்சாவளிக் கனடாக்காரர் சிம் புல்லர், 7 அடி 5 அங்குலம், நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் இரண்டு வருடம் ஆடிவிட்டு 2014இல் கிளம்பினார். யாரும் எடுக்கவில்லை. மறுவருடம் சாக்ரமென்டோ அணிக்காக மூன்று ஆட்டங்களில் இறங்கினார், அதோடு சரி. மறுபக்கம் பர்டூ பல்கலைக்கழகத்தின் சாக் ஈடியைப் பாருங்கள். 2023இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரராக இருந்தும் டிராஃப்டிலிருந்து பெயரை வாபஸ் வாங்கினார். அடுத்த வருடம் கல்லூரியைத் தேசிய இறுதிப் போட்டி வரை கொண்டுபோய், 2024 டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாக மெம்ஃபிஸுக்குப் போனார். அவரும் கனடாக்காரர், மாணவர் விசாவில் இருந்தவர். சக மாணவர்களைப் போல விளம்பரப் பணம் வாங்க முடியாத நிலையிலும் காத்திருந்தார்.

இந்த விளம்பரப் பணம்தான் உங்கள் கேள்வியின் மையம். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். எல்லோரும் என்ஐஎல் என்று சொல்வது இதைத்தான். 2025 ஜூனில், கல்லூரி ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மேல் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, கல்லூரிகளே, 2025-26இல் ஒவ்வொன்றும் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, தங்கள் விளையாட்டு வீரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம் என்றாகிவிட்டது. டூ-வே ஒப்பந்தத்தைவிடக் கல்லூரியில் அதிகம் கிடைக்கும்போது யார் கிளம்புவார்கள்? 2021இல் 353 பேர் முன்கூட்டியே பெயர் கொடுத்தார்கள். 2025இல் வெறும் 106 பேர். அமெரிக்கக் குடிமகனாக இருக்கும் ஒரு பையனின் அப்பா இதே கேள்வியைக் கேட்டிருந்தால், "முதல் சுற்று நிச்சயம் என்றால் போகச் சொல்லுங்கள், இல்லையென்றால் கல்லூரியிலேயே இருந்து சம்பாதிக்கட்டும்" என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

உங்கள் மகனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எச்-4இல் இருக்கும் பிள்ளை படிக்கலாம், ஸ்காலர்ஷிப் வாங்கலாம். வேலை செய்யக் கூடாது. விளம்பரத்தில் நடிப்பது, கையெழுத்துப் போட்டு விற்பது, முகாம் நடத்துவது எல்லாம் வேலை. மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறினாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. பெயரை மட்டும் பயன்படுத்த அனுமதித்து வாங்கும் தொகை உரிமைத்தொகைதான், உழைப்புக்கான கூலி இல்லை என்று சில வழக்கறிஞர்கள் வாதிடுகிறார்கள். வாதம் மோசமில்லை. ஆனால் குடியேற்றத் துறையிடமிருந்து அதற்குத் தெளிவான விதி வராத நிலையில், உங்கள் பையனை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. அனுமதியில்லாத வேலை என்று முத்திரை விழுந்தால் விசா மாற்றத்திலும் இடிக்கும், பிற்பாடு கிரீன் கார்டிலும் கேள்வி வரும். அதனால் பெரிய கல்லூரி சொல்லும் தொகையை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம். நல்ல கோச், நல்ல எதிரணிகள், டிவியில் முகம் தெரிவது ஆகியவற்றுக்காக மாறுவதானால் அது வேறு.

என்பிஏ அணியோ சட்டப்படி உங்கள் மகனுக்குப் பணம் கொடுக்க முடியும். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான பி-1ஏ விசாவுக்கு அணியே மனு போடும். 2006இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஆறு அல்லது அதற்கு மேல் அணிகள் இருந்து, மொத்த வருமானம் வருடத்துக்கு ஒரு கோடி டாலரைத் தாண்டும் லீகின் ஆட்டக்காரர் தனிப்பட்ட உலகப் புகழை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த லீகோடு இணைந்த மைனர் லீக் அணிக்கும் இது பொருந்தும். முதலில் 5 வருடம் வரை கிடைக்கும். உங்கள் கிரீன் கார்டு மனு நிலுவையில் இருப்பது இதற்குத் தடை இல்லை. திரும்பிப் போகும் எண்ணத்தைக் காட்டச் சொல்லும் எஃப்-1இல்தான் அந்த இடைஞ்சல். கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளில் பதில் வந்துவிடும். ஆக, சட்டம் உங்கள் பையனுக்கு ஒரு வினோதமான நிலையை உண்டாக்கியிருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்குப் பணம் கல்லூரியில் இருக்கிறது, இவருக்கு வெளியே இருக்கிறது. ஏஜென்ட் இதைத்தான் மோப்பம் பிடித்திருக்கிறார்.

சரி, அப்படியானால் கிளம்பிவிடலாமா? மனு போட ஓர் அணி வேண்டும். அணி கிடைக்காமல் நவம்பர் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 21 வயது நிறைந்த அன்றைக்கு எச்-4 முடிகிறது. சிறுவர் வயதுப் பாதுகாப்புச் சட்டத்தில், உங்கள் ஐ-140 பரிசீலனையில் இருந்த நாள்களை வயதிலிருந்து கழிப்பார்கள். ஆனால் இந்தியர்களுக்கான இபி-2 வரிசை பத்து வருடத்துக்கும் மேல் பின்தங்கி நிற்கும்போது அந்தச் சில மாதங்கள் உதவப் போவதில்லை. ஜூலையில் சம்மர் லீக், செப்டம்பர் கடைசியில் பயிற்சி முகாம், அக்டோபரில் என்பிஏ சீசன், நவம்பரில் ஜி லீக். முகாமில் கழற்றிவிடப்பட்டு ஜி லீகில் இடம் தேடும் அதே வாரத்தில்தான் தம்பிக்குப் பிறந்தநாள். கல்லூரியில் ஆடும் தகுதியும் போய், விசாவும் முடிந்து, சென்னைக்கு டிக்கெட் எடுக்கும் நிலை வரக்கூடும். டிராஃப்டில் யாரும் எடுக்காததைவிட இது மோசம்.

அதனால் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கட்டும். டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கலாம். கூடவே எச்-4இலிருந்து எஃப்-1க்கு மாறும் ஐ-539 மனுவையும் தயார் செய்யுங்கள். அது பிறந்தநாளுக்கு முன்பே குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். கோடையிலேயே அனுப்புவது நல்லது. அணி கிடைத்துவிட்டால் அதைக் கைவிட்டு பி-1ஏ பக்கம் போகலாம், நஷ்டம் கட்டணம் மட்டும்தான்.

ஏஜென்ட் காகிதத்துக்கு வருகிறேன். கையெழுத்து வேண்டாம், அந்த 50,000 டாலர் வேண்டவே வேண்டாம். என்பிஏவின் அண்டர்கிராஜுவேட் அட்வைசரி கமிட்டியிடம் தன் டிராஃப்ட் வாய்ப்பு பற்றி மதிப்பீடு கேட்ட கல்லூரி ஆட்டக்காரர், என்சிஏஏ சான்று பெற்ற ஏஜென்டோடு எழுத்து ஒப்பந்தம் போடலாம் என்று 2018இலிருந்து விதி இருக்கிறது. கல்லூரிக்குத் திரும்பினால் அந்த ஒப்பந்தம் முடிந்தாக வேண்டும். ஏஜென்ட் செலவழிக்கக்கூடியது போக்குவரத்து, சாப்பாடு, தங்குமிடம் போன்றவற்றுக்கு மட்டும். ரொக்கமாக முன்பணம் வாங்கினால் ஆடும் தகுதி போகும். வீட்டுக்கு வந்தவருக்கு அந்தச் சான்று இருக்கிறதா, நார்த் கரோலினாவில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இந்த மாநிலச் சட்டப்படி ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும்: தகுதி போகலாம், 72 மணி நேரத்துக்குள் கல்லூரிக்குச் சொல்ல வேண்டும், 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று. இதே மாநிலத்தின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே வருடத்தில் கிளம்பி 2019இல் முதல் ஆளாகத் தேர்வான ஸயன் வில்லியம்சன் ஒரு மார்க்கெட்டிங் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் 2021 ஜனவரியில் செல்லாது என்று தீர்ப்பானது இந்தச் சட்டத்தால்தான். பதிவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. நிறுவனம் பத்து கோடி டாலர் கேட்டிருந்தது. ஒப்பந்தம் எதற்கு என்பதையும் பாருங்கள். அணிச் சம்பளத்தில் ஏஜென்ட் 4 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. விளம்பர வருமானத்துக்கு அந்த உச்சவரம்பு இல்லை, முன்பணம் கொடுப்பவர்கள் கண் வைப்பது அதில்.

"போய்ப் பார்க்கலாம், சரிவரவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பி வரலாம்" என்றும் இப்போது பேச்சு அடிபடுகிறது. அலபாமாவில் ஆடிய சார்ல்ஸ் பெடியாகோ 2023இல் கிளம்பி, டிராஃப்டில் யாரும் எடுக்காமல், டூ-வே ஒப்பந்தமும் ஜி லீகும் பார்த்துவிட்டு, 2026 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வாங்கித் திரும்பவும் அலபாமாவுக்காக ஆடினார். சில ஆட்டங்கள்தான். பிப்ரவரியில் நீதிமன்றம் தடை உத்தரவை மறுத்துவிட்டது. அவருக்குப் பின்னால் பெரிய கல்லூரி நின்றது. உங்கள் மகன் இதை நம்பி ஓர் அடிகூட எடுத்துவைக்கக் கூடாது.

கல்லூரி மாறும் எண்ணம் இருந்தால், அதற்குப் பெயர் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலையும் கவனியுங்கள். தேசிய இறுதிப் போட்டிக்கு மறுநாளிலிருந்து 15 நாள்தான் திறந்திருக்கும். கம்பைனுக்கு முன்பே மூடிவிடும். டிராஃப்டிலும் போர்ட்டலிலும் ஒரே நேரத்தில் பெயர் வைக்கத் தடை இல்லை. ஆனால் போர்ட்டலில் பெயர் போட்டால் இப்போதைய கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். இந்த வாரமே கோச் வழியாக அட்வைசரி கமிட்டிக்கு எழுதி, பெயரும் கொடுத்துவிடுவேன். முதல் சுற்று என்று கமிட்டி சொல்லி, கம்பைனுக்கும் அழைப்பு வந்து, அணிகள் மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தால் தம்பி தாராளமாகக் கிளம்பட்டும். பட்டப்படிப்பைப் பிறகு முடித்துக்கொள்ளலாம். இரண்டாம் சுற்று என்றோ மழுப்பலாகவோ பதில் வந்தால் என்சிஏஏ கெடுவுக்கு முந்தின நாளே வாபஸ். இரண்டாம் சுற்றில் வரக்கூடிய குடிமகன் துணிந்து பார்க்கலாம், தோற்றால் ஊரிலேயே இருப்பார். நவம்பரில் 21 ஆகும் எச்-4 பையனுக்கு அந்த வசதி இல்லை.

பெயர் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. வாபஸ் வாங்கித் திரும்பினால் ஸ்காலர்ஷிப் அதே தொகையில் தொடருமா, எஃப்-1க்கு வேண்டிய ஐ-20 படிவத்தை எப்போது கொடுப்பார்கள் என்று கல்லூரியின் விளையாட்டு விதிகள் அலுவலகத்துக்கும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். கோச் வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் பதில் வரட்டும்.