ஆங்கிலச் சொல்லும் அதன் கூட்டாளிகளும்: மும்பை வாசகர்களின் கேள்வி-பதில்

ஜூன் பாதியில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஆங்கிலக் கேள்விகள் குவிய ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றில் மாணவர்களைவிட வேலைக்குப் போகிறவர்களின் கேள்விகளே அதிகம். சிலவற்றைச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

தாராவியில் தோல் பை தைக்கும் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தினமும் பத்து ஆங்கிலச் சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் பாதி போய்விடுகிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

ஞாபகசக்தியில் குறையில்லை, நோட்டில்தான் குறை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து பார்த்தார். 1885-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக வேலை செய்கிறது, அப்புறம் மெதுவாகிவிடுகிறது என்பது அவர் கண்டது. ஆகவே காலையில் படித்ததை அன்று இரவே ஒருமுறை பாருங்கள். பிறகு மறுநாள், அதன்பின் மூன்று நாள் விட்டு, அடுத்து ஒரு வாரம் விட்டு.

நோட்டுக்குப் பதில் விசிட்டிங் கார்டு அளவில் அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள். சொல் விடுபட்ட வாக்கியத்தை எழுதுங்கள். 'தி பையர் ______ தி லாட் பிகாஸ் ஆஃப் எ டிஃபெக்ட் இன் தி ஸிப்.' பின்பக்கம் 'ரிஜெக்டட்'. சரியாகச் சொன்ன அட்டையைத் தாமதமாகப் பார்க்கும் கட்டுக்கு மாற்றுங்கள், தவறிய அட்டையை நாளைய கட்டிலேயே வையுங்கள். 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் சொன்ன பெட்டி முறை இதுதான். செல்போன் ஆப்கள் பலவும் இதையேதான் செய்கின்றன. பத்துச் சொல் வேண்டாம், ஐந்து போதும். ஐந்தும் உங்கள் யூனிட்டில் அன்றாடம் காதில் விழுகிற சொற்களாக இருக்கட்டும்.

செம்பூரில் கல்லூரி முதலாண்டு படிக்கிறேன். அர்த்தம் தெரிந்த சொல்லைத்தான் எழுதுகிறேன், இருந்தும் சிவப்பு மை விழுகிறது. 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதியதை மேடம் அடித்துவிட்டார். பலத்த மழை என்றால் அதுதானே?

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இது. உங்கள் தமிழ் சரி, 'ஸ்ட்ராங்' என்பதன் அர்த்தமும் சரி, ஆனால் 'ஸ்ட்ராங் ரெயின்' இயல்பான ஆங்கிலம் இல்லை.

'பலத்த' என்ற ஒரு சொல்லைத் தமிழில் எத்தனை இடத்தில் போடுகிறோம் என்று பாருங்கள். பலத்த மழை ஆங்கிலத்தில் 'ஹெவி ரெயின்'. பலத்த காற்று 'ஸ்ட்ராங் விண்ட்'. பலத்த காயம் 'சீரியஸ் இஞ்சுரி'. பலத்த பாதுகாப்பு 'டைட் செக்யூரிட்டி'. பலத்த போட்டி 'ஸ்டிஃப் காம்படிஷன்'. பலத்த கைதட்டல் 'லவுட் அப்ளாஸ்'. இங்கே ஒன்று, அங்கே ஆறு. அகராதியில் 'பலத்த' என்று தேடினால் இப்படிப் பல சொற்கள் வரிசையாக நிற்கும். எது எதோடு சேரும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியம்தான் சொல்லும்.

நாம் 'கனமழை' என்றும் சொல்கிறோம். அங்கே தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகின்றன. ஆனால் அதை நம்பி 'கனக்காற்று' என்று யாராவது சொல்வார்களா? ஆங்கிலத்திலும் அதே கதைதான். எந்தச் சொல் எதோடு கூட்டுச் சேரும் என்பது பெரும்பாலும் வழக்கம். அதற்குக் காரணம் கேட்டுப் பயனில்லை.

மழைக்கால மும்பையில் இதைப் படிக்கத் தனிப் புத்தகம் தேவையில்லை. வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் தொட்டால் 'ஹெவி', 115.6 தொட்டால் 'வெரி ஹெவி', 204.4-ஐத் தாண்டினால் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோதும் அது 'ஹெவி' வரிசையில்தான் வந்தது. 'ஸ்ட்ராங்' என்ற சொல் மழைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, காற்றோடுதான் வரும்.

இனி நோட்டில் 'ஹெவி – கனமான' என்று எழுதுவதை விடுங்கள். 'ஹெவி ரெயின், ஹெவி டிராஃபிக், ஹெவி லாஸ்' என்று ஜோடியாகவே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம்: 'வீ வேர் லேட் பிகாஸ் ஆஃப் ஹெவி டிராஃபிக் அட் சயான் சர்க்கிள்.' இப்படி எழுதிய சொல் தேர்வு அறையிலும் கைவிடாது.

மாட்டுங்காவில் வசிக்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு. ஆங்கிலம்-தமிழ் அகராதி வாங்குவதா, ஆங்கிலம்-ஆங்கிலம் வாங்குவதா? தமிழில் அர்த்தம் பார்த்தால் ஆங்கிலம் வராது என்கிறார்களே?

தமிழில் அர்த்தம் பார்ப்பது பாவமில்லை. 'ரிலக்டன்ட்' என்பதைத் 'தயக்கமுள்ள' என்று பார்த்தால் இரண்டு விநாடியில் புரிந்துவிடும். ஆனால் அங்கேயே புத்தகத்தை மூடக்கூடாது. 'ஹி வாஸ் ரிலக்டன்ட் டு ஆஸ்க் ஃபார் லீவ்' என்ற வாக்கியத்தைப் பார்த்தால்தான், பின்னால் 'டு' வரும் என்பது தெரியும்.

ஆங்கிலம்-ஆங்கிலம் வாங்குவதானால் 'லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' என்று அட்டையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஆங்கில அகராதி, ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காக எழுதியது. ஒரு கடினச் சொல்லுக்கு இன்னொரு கடினச் சொல்லைக் கொடுக்கும். கற்பவர்களுக்கான அகராதி அப்படியில்லை. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஹார்ன்பி தயாரித்த அகராதி, 1942-ல் அங்கே வந்து, 1948-ல் ஆக்ஸ்போர்டு வழியாக உலகெங்கும் போனது. 1978-ல் வந்த லாங்மன் அகராதி, எல்லாச் சொல்லுக்கும் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் எழுதியது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு இந்த வகைதான் பொருந்தும். புதுப் பதிப்புதான் வேண்டும் என்றில்லை. ஃபவுண்டன் நடைபாதைக் கடைகளில் கிடைக்கும் பழைய பிரதியே போதும், பேரம் பேசி வாங்குங்கள்.

சயான் கோலிவாடாவிலிருந்து: ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கலாமா?

இந்தப் பகுதியில் நான் எழுதுகிறேன், நீங்கள் எழுத வேண்டாம். 'பேக்' என்று எழுதி வைத்தால் நாளைக்கு அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, அடுப்பில் ரொட்டி சுடுவதா என்று உங்களுக்கே தெரியாது. உச்சரிப்புக்கு ஆன்லைன் அகராதியில் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டிக் கேளுங்கள்.

டோம்பிவிலியிலிருந்து தினமும் வி.டி. ஸ்டேஷனுக்கு (இன்றைய சி.எஸ்.எம்.டி.) லோக்கல் ரயில். புத்தகம் பிரிக்கக்கூட இடமில்லை. காதால் கேட்டுச் சொல் கற்க முடியுமா?

முடியும். காசு கொடுக்காமலே ஸ்டேஷனில் பாடம் நடக்கிறது. வண்டி தாமதமானால் மும்மொழியிலும் அறிவிக்கிறார்கள். 'தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்' என்ற வரியை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! அதே சேதி இந்தியிலும் மராத்தியிலும் வருவதால் அர்த்தம் தானாகவே புரிந்துவிடுகிறது. 'டீப்லி' என்பது 'ரிக்ரெட்' உடன் சேரும் என்பதும் காதிலேயே பதிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அது அறிவிப்பு ஆங்கிலம். ஆபீசுக்குள் நுழைந்து, 'மை லேட் கமிங் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்' என்றால் மேனேஜர் சிரித்துவிடுவார். 'ஸாரி, ஐ ஆம் லேட்' போதும். எந்தச் சொல்லையும் எங்கே, யார் சொல்லிக் கேட்டோம் என்பதையும் சேர்த்தே ஞாபகம் வையுங்கள்.

சொல்லின் முன்னால் 'இன்' வந்தால் எதிர்ப்பொருள் என்று படித்தேன். மாஹுல் ரோட்டில் போகும் டேங்கரில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கிறதே, அப்படியானால் தீப்பிடிக்காதா?

பீடி பற்றவைத்துச் சோதித்துவிடாதீர்கள். நன்றாகவே பிடிக்கும். 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். இங்கே வரும் 'இன்' எதிர்மறை இல்லை. தீமூட்டு என்ற லத்தீன் வினையோடு ஒட்டியே வந்தது. இந்தக் குழப்பத்தால் ஆள் சாகக்கூடாது என்றுதான் பல நாடுகளில் எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுகிறார்கள். தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்'. இன்னொன்று, 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பற்றது இல்லை, விலைமதிப்பற்றது. முன்னொட்டை வைத்து அர்த்தம் ஊகிக்கலாம், ஆனால் வாக்கியத்தில் பொருத்திப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

இன்டர்வியூவுக்கு எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்? பெரிய பெரிய சொற்களைப் போட்டால் மதிப்புக் கூடுமா? (முலுண்ட்)

டாக்காவில் வங்காள மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பதைச் சொல்லிக்கொடுக்க முயன்ற மைக்கேல் வெஸ்ட், அதிகம் புழங்கும் சுமார் 2,000 சொற்களின் பட்டியலை 1953-ல் வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதம் இப்படிப்பட்ட 2,000 சொற்களுக்குள் அடங்கிவிடும். அவற்றை வாக்கியத்தில் தடுமாறாமல் போடத் தெரிந்து, மேலே உங்கள் வேலைக்கான சொற்கள் ஒரு இருநூறு இருந்தால் இன்டர்வியூவைச் சமாளித்துவிடலாம். 'யூஸ்' போதுமான இடத்தில் 'யூட்டிலைஸ்' போடுவதால் மதிப்புக் கூடாது.

அப்புறம், 'ப்ரீபோன்' (குறித்த நேரத்துக்கு முன்பே வைத்துக்கொள்வது) என்பதை அந்தேரி ஆபீசில் தாராளமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு கிளையன்டிடம் 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்று சொல்லுங்கள். 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், வெறும் 'டிஸ்கஸ்'. மெயில் முடிவில் 'ஐ வில் ரிவர்ட் பேக்' என்று எழுதும் பழக்கம் இருந்தால் 'ரிப்ளை' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.