தென்னந்தோப்பை விற்கலாமா?

கேள்வி: என் அக்கா மகன் நியூஜெர்சியில் பிறந்தவன். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிவிட்டு, இப்போது டாக்டராக வேண்டும் என்கிறான். அதற்கு 'போஸ்ட்-பேக்' படிப்பாம். உச்சிப்புளித் தோப்பை விற்றுப் பணம் அனுப்பச் சொல்கிறார் அக்கா. அனுப்பலாமா?
- வாசகர், மண்டபம்

பதில்: பத்திரத்தைப் பெட்டிக்குள் வையுங்கள்.

அமெரிக்காவில் பட்டம் முடித்த பிறகுதான் பெரும்பாலும் மருத்துவம். பொருளாதாரம் படித்ததில் தவறில்லை. ஆனால் பெரும்பாலான கல்லூரிகள் உயிரியல், வேதியியல், இயற்பியலை ஆய்வகத்தோடு கேட்கும். அந்தக் குறையை நிரப்பத்தான் இந்தப் படிப்பு. மருமகன் அறிவியல் பக்கமே போகாதவர் என்றால் இது பொருந்தும். அறிவியல் படித்து மதிப்பெண்ணில் சறுக்கியவர்களுக்கு வேறு வகை உண்டு. அது இவருக்கு வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. வீட்டருகே உள்ள அரசுக் கல்லூரியில் அதே பாடங்களைத் தனித்தனியாகக் குறைந்த செலவில் படிக்கலாம். வல்லத்தில் எழுதிய பெயரைப் பார்த்தா மீன் வருகிறது? (நான் பாம்பன்காரன், வேறு உவமை வராது.) ஆனால் சில பெரிய இடங்களில் மருத்துவக் கல்லூரியோடு ஒப்பந்தம் இருக்கும், இந்தப் படிப்பு முடிந்து மருத்துவக் கல்லூரியில் சேரும்வரை காத்திருக்கும் ஒரு வருடம் மிச்சமாகும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு. அங்கும் இடம் உறுதியில்லை. மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வான 'எம்கேட்'டும் பெரும்பாலும் எழுதியாக வேண்டும். அதில் மதிப்பெண் 472-இல் தொடங்கி 528 வரை போகும்.

முதலில் ஆறு மாதம் ஏதாவது மருத்துவமனையில் தொண்டு செய்யட்டும். அதற்குத் தோப்பை விற்க வேண்டியதில்லை. இந்த வருடம் காய்ப்பு எப்படி?