கால்நடை டாக்டர் பதில்கள்: தொட்டியில் முதலை வளர்க்கலாமா?

கேள்வி: டாக்டர் ஐயா, அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை மகன் ‘குட்டை கெய்மன்’ என்ற சின்ன முதலை வளர்க்கிறான். எலும்பில்லாத கோழிக்கறிதான் தீனி. இப்போது பின்னங்காலை இழுக்கிறதாம். அவன் எடுத்த வீடியோவை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் மீன் வளர்த்த சிமெண்ட் தொட்டி சும்மா கிடக்கிறது. நம்மூர்ச் சூட்டுக்கு இது நன்றாக வளரும்தானே? நானும் ஒன்று வாங்கலாமா?
- வாசகர், அருமனை

பதில்: தம்பி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதலில் அந்தக் குட்டியின் காரியம். கெய்மன் வாயை மூடினால் மேல்பற்கள்தான் தெரிய வேண்டும். கீழ்ப்பற்கள் உள்ளே அடங்கிவிடும். இந்தக் குட்டிக்குக் கீழ்ப்பற்கள் வெளியே சரிந்து நிற்கின்றன, வால் தொடங்கும் இடத்தில் முதுகும் கூனியிருக்கிறது. எலும்பு இளகிப்போனதன் அடையாளம் இது. வெறும் கறியில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் இல்லாத மாதிரிதான். பற்றாததை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். ஊர்வனவற்றைப் பார்க்கிற டாக்டரிடம் இந்த வாரமே கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். தென் அமெரிக்க ஓடைகளில் அது தின்பது நண்டு, நத்தை, பூச்சி, மீன். எல்லாம் ஓட்டோடும் முள்ளோடும். அப்படியே முழுசாகக் கொடுக்க வேண்டும். அதற்காக ஐஸில் நாள்பட்ட சாளையை மட்டும் போட்டாலும் ஆகாது. வைட்டமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பு வீங்கிக் கெட்டுப்போகும்.

குட்டியை ஜன்னலோரம் வெயிலில் வைத்திருப்பதாக உங்கள் அத்தை மகன் வீடியோவில் சொல்கிறார். எலும்புக்கு வேண்டிய யுவி-பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நேர்வெயில் வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்று விற்கிற விளக்கு.

அடுத்து உங்கள் தொட்டி. நம்மூர் சூடுதான், ஆனால் ரப்பர் மரத்தடியில் வெயில் எங்கே விழுகிறது? ஆனி, ஆடியில் சாரல் பிடித்துக்கொண்டால் நாள் கணக்கில் கல்லும் காய்வதில்லை. முதலைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். தின்றபின் சூடேற இடமில்லை என்றால் இரை செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். குட்டை கெய்மன் மற்ற இனங்களைவிடக் குளிர்ந்த நீரைத் தாங்கும் என்பது உண்மைதான். அதற்கும் ஏறிக் காய ஒரு மேடு வேண்டும். சொரசொரப்பான சிமெண்ட் தரை வயிற்றையும் பாதத்தையும் உரசிப் புண்ணாக்கும், அந்தத் தண்ணீரிலேயே புண் சீழ் பிடிக்கும். இரை தின்கிற பிராணியின் கழிவு மீன் கழிவு மாதிரி இல்லை. தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் பல்லுள்ள பிராணி உள்ளே இருக்கும்.

‘குட்டை’ என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். ஆண் ஐந்தடி வரும், பெண் நாலடி. இருபது வருஷத்துக்கு மேலும் வாழும். நீங்கள் வெளிநாடு போனால் வீட்டில் யார் பார்ப்பார்கள்? அம்மாவா?

சட்டமும் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. முதலை இனங்கள் அத்தனையும் அந்தப் பட்டியலில் உண்டு. முறையான இறக்குமதி அனுமதி வேண்டும், 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவும் வேண்டும். வாட்ஸ்அப்பில் விலை சொல்கிறவர் நீட்டும் துண்டுக் காகிதம் எதற்கும் ஆகாது. வாங்காதீர்கள் தம்பி. பார்க்க ஆசை என்றால் சென்னைக்குத் தெற்கே 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது, போய் நாள் முழுக்கப் பாருங்கள். தொட்டியில் திரும்ப மீனையே விடுங்கள், ஒரு பக்க நிழலையும் கொஞ்சம் வெட்டிவிடுங்கள்.

கேள்வி: நெய்யாறு அணைப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருக்கிறது. கரையில் முதலைக் குட்டி கண்டால் எடுத்து வளர்த்து, பெரிதானதும் விடலாமா?
- வாசகி, குலசேகரம்

பதில்: கூடாதம்மா. அது நம் நாட்டுச் சதுப்புநில முதலை, சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை. அதைவிட அவசரமான சங்கதி ஒன்று உண்டு. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளைத் தாய் வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோய்க் காவல் இருக்கும். குஞ்சு கீச்சென்று கத்தினால் பாய்ந்து வரும். தனியாகக் கிடக்கிறதே என்று குனியாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரையிலிருந்து விலகி வந்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.