தேநீரின் சேர்மங்கள் உடலில் என்ன ஆகின்றன?

கேள்வி: தேநீரில் உள்ள கேட்டசின் போன்ற சேர்மங்கள், குடித்தவுடன் அப்படியே இரத்தத்தில் கலந்துவிடுகின்றனவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கேட்டசின்களில் ஒரு சிறு பங்கே சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது; அதிலும் பெரும்பகுதி, குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகளால் குளுக்குரோனிக் அமிலமோ சல்பேட்டோ இணைக்கப்பட்டு, நீரில் எளிதாகக் கரையும் வடிவுக்கு மாறிய பிறகுதான் இரத்தத்தில் சுற்றுகிறது. பச்சைத் தேநீரில் மிகுதியாக உள்ள எபிகேலோகேட்டசின் கேலேட் என்னும் கேட்டசின் வகை இதற்கு விலக்கு. அது கணிசமான அளவு மாறாமலே இரத்தத்தில் காணப்படுகிறது.

உறிஞ்சப்படாத பெரும்பங்கு பெருங்குடலை அடைகிறது. உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது என்பேன். அங்குள்ள பாக்டீரியாக்கள் கேட்டசினின் வளைய அமைப்பை உடைத்து வலேரோலாக்டோன்கள் என்னும் இடைநிலைச் சேர்மங்களாகவும், பின்னர் சிறிய ஃபீனாலிக் அமிலங்களாகவும் மாற்றுகின்றன. இவை உறிஞ்சப்பட்டு, சில மணி நேரம் கழித்து இரத்தத்தில் தோன்றி, சிறுநீரில் வெளியேறுகின்றன. குடல் பாக்டீரியாக்களின் தொகுப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே தேநீரைக் குடிக்கும் இருவரிடம் உருவாகும் சேர்மங்களின் அளவும் வேறுபடும். எனவே, சோதனைக்குழாயில் செல்களின் மேல் தூய கேட்டசினை ஊற்றிப் பெற்ற முடிவுகளை மனித உடலுக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல.

கறுப்புத் தேநீரில் உள்ள தியாஃபிளேவின்கள் என்னும் சேர்மங்கள் அளவில் பெரிய மூலக்கூறுகள் என்பதால் இன்னும் குறைவாகவே உறிஞ்சப்படுகின்றன.

காஃபீனின் கதை வேறு. அது ஏறத்தாழ முழுமையாக உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்னும் நொதியால் பெரும்பாலும் பாராக்சாந்தீனாக மாற்றப்படுகிறது. நலமான பெரியவர்களிடம் அதன் அளவு பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். புகைபிடிப்போரிடம் இந்த நேரம் குறையும், கருவுற்ற பெண்களிடம் வெகுவாக நீளும்.